மூன்றாவது பெயர்

ராபர்ட் லோவலைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோதுதான் யூஜீன் மக்கார்த்தி என்ற பெயர் எனக்கு முதலில் அகப்பட்டது. (கம்யூனிஸ்ட் வேட்டையாடிய ஜோசஃப் மக்கார்த்தி வேறு ஆசாமி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மினசோட்டாவின் செனட்டர். கவிதை எழுதியவர், தொகுப்பும் வெளியிட்டவர். 1968ல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து, தன் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ஜான்ஸனுக்கு எதிராகவே களத்தில் இறங்கினார். நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த கட்சியின் உட்தேர்தலில் அவருக்கு 42 சதவிகிதம், ஜான்ஸனுக்கு 49. கணக்குப்படி ஜெயித்தவர் ஜான்ஸன். ஆனால் அதே மார்ச் மாதம் 31ம் தேதி, மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தவரும் ஜான்ஸனே. அந்தப் பிரசாரத்தில் லோவல், மக்கார்த்தியோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஒரு கவிஞனும் கவிதை எழுதும் ஒரு செனட்டரும் சேர்ந்து ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் புளகாங்கிதம் அடைய இடமிருக்கிறது.

எட்டு வருஷம் கழித்து, 1976ல், அதே மக்கார்த்தி எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக ஜனாதிபதி பதவிக்கு நின்றார். கிடைத்தது ஏழு லட்சத்துச் சில்லறை ஓட்டு. ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

இந்த எட்டு வருஷத்தில் மனிதர் மாறிவிட்டாரா, மக்கள் மாறிவிட்டார்களா? இரண்டும் பெரிதாக இல்லை என்றே எனக்குப் படுகிறது. 1968ல் அவர் ஒரு கட்சியின் வீட்டுக்குள் நின்று சத்தம் போட்டார். 1976ல் தெருவில் நின்று போட்டார். அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு, அது ஏன் அவ்வளவு, என்பதுதான் இந்தக் கட்டுரை. என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு, தோற்பது தெரிந்தே நிற்கிறவன் மீது ஒரு பிரியம் இருக்கும். அந்தப் பிரியமே கண்ணை மறைக்கவும் செய்யும். எனக்கும் வெகுகாலம் மறைத்திருந்தது.

இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள 1948ஐவிட நல்ல வருஷம் கிடையாது. அந்தத் தேர்தலில் ட்ரூமனும் டூயியும் பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள். இவர்களைத் தவிர இருவர். ஒருவர் ஹென்றி வாலஸ். ரூஸ்வெல்ட்டின் கீழ் உப ஜனாதிபதியாக இருந்தவர். ருஷ்யாவோடு பேச்சுவார்த்தை வேண்டும், கறுப்பர்களைப் பிரித்துவைக்கும் சட்டங்கள் ஒழியவேண்டும் என்றார். தெற்கில் பிரசாரம் செய்தபோது, கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே உட்காரவேண்டிய கூட்டங்களில் பேச மறுத்தார். வட கரோலினாவில் முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அவரை ஆதரித்தது. அதுவே அவருக்கு யமனாகவும் முடிந்தது. மற்றவர் தென் கரோலினாவின் கவர்னர் ஸ்ட்ராம் தர்மண்ட். அந்தப் பிரித்துவைக்கும் சட்டங்கள் என்றென்றைக்கும் இருக்கவேண்டும் என்பதற்காகவே ஜனநாயகக் கட்சியை உடைத்துக்கொண்டு நின்றவர்.

தர்மண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 75 ஆயிரம் ஓட்டு. வாலஸுக்கு 11 லட்சத்து 57 ஆயிரம். கிட்டத்தட்ட சமம். ஆனால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது இந்த ஓட்டுகள் அல்ல. ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்கள். ஒரு மாநிலத்தில் முதலாவதாக வந்தவனுக்கே அதன் தேர்வாளர்கள் அனைவரும் என்பது அநேகமாக எல்லா மாநிலங்களிலும் உள்ள வழக்கம். அந்தக் கணக்கில் தர்மண்டுக்கு 39 பேர். வாலஸுக்குப் பூஜ்யம்.

பாடப் புத்தகங்கள் இதற்குச் சொல்லும் காரணம் சுலபமானது. ஓட்டு ஒரே பிராந்தியத்தில் குவிந்திருந்தால் பலன் உண்டு, நாடெங்கும் பரவிக் கிடந்தால் இல்லை. நானும் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இதிலிருந்து ஒரு கசப்பான முடிவுக்கும் வந்திருந்தேன்: குவிந்த வெறுப்பு எடை போடப்படுகிறது, பரவிய மனச்சாட்சி காற்றில் போகிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரியில்லை. வாலஸின் ஓட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் ஐந்து லட்சத்துக்குமேல் நியூயார்க் என்ற ஒரே மாநிலத்தில் விழுந்தவை. குவியத்தான் செய்திருந்தன. நியூயார்க் பெரிய மாநிலம் என்பதால் அது அங்கே எட்டு சதவிகிதம்தான் ஆனது. அதன் ஒரே பலன், சுமார் 61 ஆயிரம் வித்தியாசத்தில் அந்த மாநிலம் டூயிக்குப் போனது.

தர்மண்டின் பக்கம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அவர் ஜெயித்தவை நான்கு மாநிலங்கள்: அலபாமா, மிஸிஸிப்பி, லூயிஸியானா, தென் கரோலினா. வெள்ளைப் பிடிவாதத்தில் இவற்றுக்குக் கொஞ்சமும் சளைக்காத அண்டை மாநிலம் ஜார்ஜியா. அங்கே தர்மண்டுக்கு இருபது சதவிகிதம்தான். ட்ரூமனுக்கோ அறுபது. ஏன்? அந்த நான்கு மாநிலங்களிலும் கட்சி நிர்வாகம் தர்மண்டின் ஆட்கள் கையில் இருந்தது. ஆகவே வாக்குச் சீட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்று அச்சாகியிருந்தது தர்மண்டின் பெயர். அலபாமாவில் நாட்டின் ஜனாதிபதியான ட்ரூமனின் பெயர் சீட்டிலேயே கிடையாது. ஜார்ஜியாவில் அந்தக் களவு நடக்கவில்லை. கட்சியின் பெயர் ட்ரூமனிடமே இருந்தது. ஜனங்கள் தாத்தா காலத்திலிருந்து முத்திரை குத்திவந்த பெயருக்குப் பக்கத்திலேயே இந்தத் தடவையும் குத்தினார்கள். தர்மண்ட் மூன்றாவது வேட்பாளராக எங்கே நின்றாரோ அங்கெல்லாம் தோற்றார். எங்கே மூன்றாவது ஆளாக இல்லையோ அங்கே ஜெயித்தார்.

இது தெரிந்த பிறகு மற்ற தேர்தல்களையும் திருப்பிப் பார்த்தேன். 1892ல் மக்கள் கட்சி என்று சொல்லிக்கொண்ட விவசாயிகளின் கட்சி, ஜேம்ஸ் வீவர் தலைமையில் பத்து லட்சம் ஓட்டும் 22 தேர்வாளர்களும் பெற்றது. கான்ஸஸ், கொலராடோ, ஐடஹோ, நெவாடா. ரயில் கம்பெனிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் நசுங்கிய கோதுமை விவசாயிகள், வெள்ளிச் சுரங்கத்துக்காரர்கள். நியாயமான கோபம். ஆனால் கான்ஸஸ், கொலராடோ, ஐடஹோ மாநிலங்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களை நிறுத்தாமல் வீவரையே ஆதரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1912ல் தியடோர் ரூஸ்வெல்ட் 27 சதவிகிதமும் 88 தேர்வாளர்களும் பெற்று இரண்டாவதாக வந்தார். பதவியில் இருந்த டாஃப்டுக்கு எட்டே எட்டு பேர். மூன்றாவது கட்சிகளின் சரித்திரத்தில் இதுவே உச்சம். ரூஸ்வெல்ட் அதற்கு முன் ஏழரை வருஷம் ஜனாதிபதியாக இருந்தவர். கலிஃபோர்னியாவிலும் தென் டக்கோட்டாவிலும் குடியரசுக் கட்சியின் இடத்தையே அவர் ஆட்கள் பிடித்துக்கொண்டுவிட்டதால் டாஃப்டின் பெயர் அங்கே சீட்டில் வரவில்லை. 1924ல் லா ஃபாலெட் 16 சதவிகிதத்துக்குமேல் வாங்கியும் ஜெயித்தது விஸ்கான்ஸின் ஒன்று. அது குடியரசுக் கட்சிக்குள் இருந்துகொண்டே அவர் இருபது வருஷமாக ஆண்ட சொந்தக் கோட்டை. பென்ஸில்வேனியாவிலும் மிச்சிகனிலும் டாஃப்டை நேருக்கு நேர் வைத்தே ரூஸ்வெல்ட் ஜெயித்தார் என்பதை மறைக்கவில்லை. என் வாதத்தில் ஓட்டை உண்டு. ஆனாலும் மொத்தத்தில் அது நிற்கிறது.

பெயருக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் சர்க்கார் வாக்குச் சீட்டு என்று ஒன்று கிடையாது. கட்சிகளே தத்தம் ஆட்களின் பெயரை அச்சடித்து விநியோகிக்கும். வாங்கிப் பெட்டியில் போடவேண்டியது. காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே யார் யாருக்குப் போடுகிறான் என்று தெரிந்துவிடும். மிரட்டலுக்கும் காசுக்கும் இதைவிடச் சௌகரியம் வேறில்லை. லிங்கனுக்கு 1860ல் தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டும் விழாததற்கு, அங்கே அவர் பெயரில் சீட்டு விநியோகிக்க ஆளில்லை என்பதும் காரணம். இந்த அசிங்கத்தை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ரகசிய வாக்குச் சீட்டு முறையை இறக்குமதி செய்தார்கள். 1888ல் மாஸாசூஸட்ஸ் சட்டம் போட்டது. ஐந்தாறு வருஷத்தில் பெரும்பாலான மாநிலங்களிலும் வந்துவிட்டது. சர்க்காரே அச்சிடும், எல்லோர் பெயரும் ஒரே சீட்டில், மறைவில் நின்று முத்திரை. சந்தேகமில்லாமல் ஒரு சீர்திருத்தம். ஆனால் சர்க்கார் அச்சிடுகிறது என்றால், யார் பெயரை அச்சிடுவது என்று யாராவது தீர்மானிக்கவேண்டுமே. தீர்மானித்தவர்கள் மாநிலச் சட்டசபைகள். சட்டசபைகளில் இருந்தவர்கள் இரண்டு கட்சிக்காரர்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு கட்சிகளின் கீழ் வரக்கூடாது என்றும் பல மாநிலங்களில் சட்டம் வந்தது; வீவருக்குப் பலன் கொடுத்த அந்தக் கூட்டு அதோடு தீர்ந்தது. நல்ல எண்ணத்தோடு வைத்த கதவுக்கு வேறு யாரோ பூட்டுப் போட்ட கதை.

பூட்டின் கனத்தைப் பார்க்க ஓஹையோவுக்குப் போகலாம். 1968ல் அங்கே புதுக்கட்சி ஒன்று ஜனாதிபதி வேட்பாளரை நிறுத்தவேண்டுமானால் 4,33,100 கையெழுத்து வேண்டும். அதுவும் பிப்ரவரி முதல் வாரத்துக்குள், தேர்தலோ நவம்பரில். பெரிய கட்சிகள் தங்கள் வேட்பாளர் யார் என்றே முடிவு செய்திராத மாதம் அது. அலபாமாவின் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸின் ஆட்கள் நாலரை லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள். ஆனால் கெடு தாண்டிவிட்டது. சுப்ரீம் கோர்ட் அக்டோபரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, வாலஸின் பெயரை அச்சிடச் சொன்னது. அதே வழக்கில் இன்னொரு மனுதாரரும் உண்டு: சோஷலிஸ்ட் லேபர் பார்ட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவந்த ஒரு சிறிய கட்சி. சட்டம் செல்லாது என்பது அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் கோர்ட்டுக்குத் தாமதமாக வந்துவிட்டார்கள், மறுபடி சீட்டு அச்சிட நேரமில்லை, ஆகவே இந்தத் தேர்தலில் இடமில்லை என்று தீர்ப்பு. நியாயம் இருவருக்கும், இடம் ஒருவருக்கு. இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வாலஸோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம்.

ஜார்ஜ் வாலஸ் என் வாதத்தைக் குலைக்கிற ஆள். அலபாமாவில் மட்டுமே அவர் ஜனநாயகக் கட்சியின் பெயரில் நின்றார். ஜார்ஜியா, மிஸிஸிப்பி, லூயிஸியானா, ஆர்கன்ஸா நான்கிலும் உண்மையான மூன்றாவது ஆளாகவே நின்று ஜெயித்தார். 13 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு, 46 தேர்வாளர்கள். 1964ன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி தெற்கை இழந்துகொண்டிருந்தது. குடியரசுக் கட்சி இன்னும் முழுசாகக் குடியேறவில்லை. காலியான வீட்டில் வாலஸ் உட்கார்ந்துகொண்டார். இந்த மாதிரிக் காலியிடம் ஒரு நூற்றாண்டில் ஒன்றிரண்டு தடவைதான் வரும் போலிருக்கிறது.

வாலஸ் ஜனாதிபதியாகக் கனவு கண்டவரில்லை. கணக்குத் தெரிந்தவர். யாருக்கும் பாதிக்குமேல் தேர்வாளர்கள் கிடைக்காமல் போனால், 1804ல் வந்த 12வது திருத்தத்தின்படி பிரதிநிதிகள் சபைதான் முதல் மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே உறுப்பினருக்கு ஓட்டில்லை; மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. பல கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் சில லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கும் ஒன்றே ஒன்று. 1824ல் இப்படி நடந்திருக்கிறது: ஆண்ட்ரூ ஜாக்ஸனுக்கு 99 தேர்வாளர்கள், ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்கு 84, சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அப்படி ஒரு முட்டுக்கட்டையை உண்டாக்கி, சபைக்குப் போகுமுன்பே தன் 46 பேரை வைத்துப் பேரம் பேசுவது வாலஸின் திட்டம். நிக்ஸன் 301 பெற்றுவிட்டதால் திட்டம் பலிக்கவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூன்றாவது ஆள் பல மாநிலங்களை ஜெயித்து முட்டுக்கட்டை போட்டாலும், தீர்ப்புச் சொல்லப்போகிற சபையில் அவனுக்கு ஒரு உறுப்பினன்கூட இருக்கமாட்டான். முதல் வாசலைத் தாண்டினால் இரண்டாவது வாசலில் அதே காவல்காரர்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் இந்தியாவிலும் முதலாவதாக வந்தவனே ஜெயித்தவன் என்ற அதே விதிதான். ஆனால் அங்கெல்லாம் ஒரு தொகுதியை ஜெயித்தவன் ஒரு நாற்காலியில் உட்காருகிறான். கூட்டு வைக்கிறான், கவிழ்க்கிறான். ஜனாதிபதியின் நாற்காலியைத் துண்டு போட முடியாது.

வாலஸ் கொடுத்த அதிர்ச்சியில் இந்த யந்திரமே ஒழிந்துபோயிருக்கவேண்டியது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை, தேர்வாளர் முறையை ரத்து செய்து நேரடித் தேர்தல் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தத்தை மிகப் பெரும்பான்மையில் நிறைவேற்றியது. நாற்பது சதவிகிதம் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கிடையே மறுதேர்தல். நிக்ஸனும் ஆதரவு தெரிவித்தார். 1970ல் செனட்டில், ஓட்டெடுப்புக்கே விடாமல் விவாதத்தை நீட்டி நீட்டி அதைக் கொன்றார்கள். கொன்றவர்களில் முன்னணியில் நின்ற தென்மாநில செனட்டர்களில் ஒருவர் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட். அவரேதான். 1948ல் மூன்றாவது ஆள்; 1964ல் குடியரசுக் கட்சிக்கு மாறியவர். வாசல் எப்படித் திறக்கும் என்று தெரிந்தவனுக்கு எப்படிச் சாத்துவது என்றும் தெரிந்திருந்தது.

இனி, நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமான பகுதி. 1932ல், பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்தபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் அறிவாளிகளும் சேர்ந்து கம்யூனிஸ்ட் வேட்பாளர் வில்லியம் ஃபாஸ்டருக்கு ஓட்டளிக்கக் கோரி அறிக்கை விட்டார்கள். எட்மண்ட் வில்ஸன், டாஸ் பாஸோஸ், ஷெர்வுட் ஆண்டர்ஸன், லாங்ஸ்டன் ஹ்யூஸ், மால்கம் கௌலி. அமெரிக்க இலக்கியத்தின் பாதி அதில் கையெழுத்துப் போட்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஃபாஸ்டருக்கு விழுந்தது சுமார் ஒரு லட்சம் ஓட்டு. அதே தேர்தலில் எழுத்தாளர் பட்டியல் எதுவும் தேவைப்படாத சோஷலிஸ்ட் நார்மன் தாமஸுக்கு எட்டு லட்சத்துக்கு மேல். நம் கையெழுத்துகளின் சந்தை மதிப்பு இதுதான். டாஸ் பாஸோஸ் 1964ல் வலதுசாரி கோல்ட்வாட்டரை ஆதரித்தார் என்பதையும், மக்கார்த்தி 1980ல் ரீகனை ஆதரித்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். தெருவில் வெகுநேரம் நின்றவர்கள் கடைசியில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது எதிர் வீடாகவும் இருக்கலாம்.

அப்படிப் போகாதவர் யூஜீன் டெப்ஸ். ஐந்து தடவை சோஷலிஸ்டாக ஜனாதிபதி பதவிக்கு நின்றவர். 1918 ஜூனில் ஓஹையோவின் காண்டன் நகரில் யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்து வருஷ தண்டனை. 1920 தேர்தலில் அட்லாண்டா சிறையிலிருந்தபடியே நின்றார். பிரசாரத்துக்கு அவர் ஆட்கள் சட்டையில் குத்திக்கொண்ட வில்லையில் அவருடைய கைதி எண் 9653 இருந்தது. ஒன்பது லட்சத்துக்குமேல் ஓட்டு விழுந்தது. 1921 கிறிஸ்துமஸ் அன்று ஹார்டிங் அவரை விடுதலை செய்தார். ஹார்டிங் குடியரசுக் கட்சிக்காரர். விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், மனிதாபிமானி என்று பெயரெடுத்த வில்ஸன்.

இங்கேதான் அந்தப் பிரசித்தமான ஆறுதல் வருகிறது. மூன்றாவது கட்சிகள் தோற்கும், ஆனால் அவற்றின் கருத்துகளைப் பெரிய கட்சிகள் எடுத்துக்கொள்ளும், ஆகவே அது தோல்வியல்ல என்பது. உதாரணங்களுக்குக் குறைவில்லை. படிப்படியாக உயரும் வருமான வரி, செனட்டர்களுக்கு நேரடித் தேர்தல் இரண்டும் 1892ல் மக்கள் கட்சி கேட்டவை. இரண்டுக்குமான அரசியல் சட்டத் திருத்தங்கள் 1913ல் வந்தன. அதற்குள் அந்தக் கட்சியைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. இந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் ஜார்ஜ் வாலஸின் கருத்தும் இதே மாதிரிதான் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் ஓட்டுகளைப் பிடிக்க நிக்ஸன் வகுத்த தெற்கத்திய தந்திரமே அதற்குப் பிந்திய குடியரசுக் கட்சியின் அஸ்திவாரம். சல்லடை எதையும் தேர்ந்து சலிப்பதில்லை. எங்கே ஓட்டு இருக்கிறதோ அதை எடுக்கிறது. டெப்ஸின் ஒன்பது லட்சத்தில் எது எடுத்துக்கொள்ளப்பட்டது, எது விடப்பட்டது என்று பார்க்கவேண்டும். பென்ஷன் எடுக்கப்பட்டது. யுத்தத்தை எதிர்க்கும் உரிமை விடப்பட்டது.

மக்கார்த்தியிடம் திரும்புகிறேன். 1976ல் அவர் பிரசாரம் செய்ததைவிடக் கோர்ட்டு ஏறியதே அதிகம் என்று சொல்லலாம். மாநிலம் மாநிலமாக வழக்கு. நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியினர் அவர் மனுவை எதிர்த்து வழக்காடி, பெயர் சீட்டில் வராமலே செய்துவிட்டார்கள். கார்ட்டர் அந்த மாநிலத்தை மூன்று லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அதன் 41 தேர்வாளர்கள் இல்லாவிட்டால் அவர் ஜனாதிபதி ஆகியிருக்கமுடியாது. மக்கார்த்தியின் பெயர் சீட்டில் வந்த ஆரிகனில் ஃபோர்டு ஜெயித்த வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் கீழே. மக்கார்த்திக்கு அங்கே நாற்பதாயிரம். நியூயார்க்கில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஏன் வரவிடவில்லை என்பது தெரிகிறது. ஒரு சதவிகிதம்கூட வாங்காத மனிதனைக் கண்டு ஒரு பெரிய கட்சி நடுங்கியிருக்கிறது. அற்பமானவன் என்று ஒரே வாயால் சிரிப்பதும் ஆபத்தானவன் என்று வக்கீல் வைப்பதும்.

2000ல் ஃப்ளோரிடாவில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார்; ரால்ஃப் நேடருக்கு 97 ஆயிரத்துக்குமேல். அன்றிலிருந்து நேடர் பாவி. ஆனால் அதே சீட்டில் இருந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரருக்கும் 562 ஓட்டு விழுந்தது. அதுவும் 537ஐ விட அதிகம்தான். அவரை ஒருவரும் திட்டக் காணோம். ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துகொண்டு புஷ்ஷுக்கே ஓட்டுப் போட்டவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர், அவர்களையும் காணோம். வீட்டுக்காரன் செய்த துரோகம் குடும்ப விஷயம், தெருவில் நின்றவன் செய்தது திருட்டு.

பணமும் மேடையும் இருந்தால் முடியாதா என்று கேட்கலாம். ஜான் ஆண்டர்ஸன் 1980ல் 57 லட்சம் ஓட்டு வாங்கினார். பெரிய கட்சிகளுக்குத் தேர்தலுக்கு முன்பே சர்க்கார் பணம். அவருக்கு ஓட்டு எண்ணிய பிறகு, விகிதாசாரப்படி. பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை. செப்டம்பரில் ரீகனோடு அவர் விவாதத்தில் கலந்துகொள்கிறார் என்பதற்காகவே கார்ட்டர் வர மறுத்தார். அக்டோபர் விவாதத்தில் கார்ட்டரும் ரீகனும் இருந்தார்கள், ஆண்டர்ஸன் இல்லை. 1992ல் ராஸ் பெரோவுக்குப் பணமும் சொந்தம், மேடையும் கிடைத்தது. மூன்று விவாதங்களிலும் இருந்தார். ஜூனில் கருத்துக் கணிப்பில் முதலிடம். ஜூலையில் விலகினார், அக்டோபரில் திரும்பினார். அப்படியும் 19 சதவிகிதம், ஏறக்குறைய இரண்டு கோடி ஓட்டு. தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு, கணிப்புகளில் 15 சதவிகிதம் இல்லாதவருக்கு மேடை இல்லை என்று விதி வந்தது.

2024 ஒரு கேலிக்கூத்து. ராபர்ட் கென்னடியின் மகன் சுயேச்சையாக நின்று, கையெழுத்துத் திரட்டி, வழக்குப் போட்டு, ஆகஸ்டில் டிரம்ப்பை ஆதரித்து ஒதுங்கினார். பிறகு ஒரே சமயத்தில் இரண்டு விதமான வழக்கு: மிச்சிகனிலும் விஸ்கான்ஸினிலும் என் பெயரை எடுத்துவிடு, நியூயார்க்கில் என் பெயரைச் சேர். சுப்ரீம் கோர்ட் மூன்றையும் மறுத்துவிட்டது. வேண்டாத இடத்தில் பெயர் இருந்தது, வேண்டிய இடத்தில் இல்லை. 2025ல் அவர் மந்திரியானார். கருத்தைப் பெரிய கட்சி எடுத்துக்கொள்ளும் என்பது பழைய கதை. இங்கே ஆளையே எடுத்துக்கொண்டது.

ஆகவே வாய்ப்பு என்ன என்று கேட்டால், மூன்றாவது ஆளாக நின்று ஜனாதிபதி ஆகும் வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரு பழைய பெயரைக் கைப்பற்றுகிறவனுக்கே வாய்ப்பு. அதைச் செய்தவன் மூன்றாவது ஆள் அல்ல. நான் ஆர்வத்தோடு பார்ப்பது மேய்ன் மாநிலத்தை. 1992ல் பெரோ இரண்டாவதாக வந்த மாநிலம். கடற்கரையில் சொந்தக் கோடை வீடு வைத்திருந்த ஜனாதிபதி புஷ் சில நூறு ஓட்டில் மூன்றாவதானார். சுயேச்சைகளை கவர்னராக்கிப் பழகிய ஜனங்கள். 2010ல் பல முனைப் போட்டியில் 38 சதவிகிதத்துக்கும் குறைவாக வாங்கி ஒருவர் கவர்னரானது அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது. 2016ல் பொது வாக்கெடுப்பின் மூலம் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் விருப்பம் மூன்றாவது ஆளுக்கு, இரண்டாவது இன்னாருக்கு என்று எண் போடலாம். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் வந்தவரின் ஓட்டுகள் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். மனச்சாட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டுக் குற்ற உணர்வோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாதிரிச் சீட்டு அமெரிக்காவிலேயே முதல் தடவையாக 2020 நவம்பரில் அங்கே உபயோகிக்கப்பட்டது. மாநில அளவில் பைடன் பாதிக்குமேல் பெற்றுவிட்டார். தனியே ஒரு தேர்வாளரை அனுப்பும் வடக்கு மாவட்டத்தில் டிரம்ப் பாதிக்குமேல். இரண்டாம் விருப்பங்களை எண்ணவேண்டி வரவில்லை.